கண்ணுக்குள் ஒரு துளி இரத்தம்

காலை எட்டரை மணியளவில் புதுக்கடைப் பக்கம் செல்வோர்க்கு ஒரு காட்சி தவறாது புலப்படும். கறுப்பு அங்கியும் கோப்புக் கட்டுமாக நீதிமன்றங்களை நோக்கி விரையும் சட்டத்தரணிகள் ஒருபுறம். 1874ஆம் ஆண்டில் தோற்றம் பெற்ற சட்டக் கல்லூரியை நோக்கிப் புத்தகப் பையுடன் நடக்கும் இளைஞரும் யுவதியரும் மறுபுறம். இவ்விரு சாராரிலும் மூக்குக் கண்ணாடி அணிந்தோரை எண்ணத் தொடங்கினால் கைவிரல்கள் போதா. ஒரு காலத்தில் கண்ணாடி முதுமையின் அடையாளமாயிருந்தது. இன்றோ அது படிப்பின் அடையாளமாகிவிட்டது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மாலை வேளைகளில் டியூட்டரி வாசல்களில் திரளும் பிள்ளைகளைப் பார்த்தாலும் இதே கதைதான்.

பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தவுடன் குறை தீர்ந்துவிட்டது என்று நம்மிற் பலர் எண்ணிக்கொள்கிறோம். கரும்பலகை தெளிவாகத் தெரிகிறது, புள்ளிகளும் குறையவில்லை, இனி வேறென்ன வேண்டும்? ஆயின் கண்ணாடி செய்வதெல்லாம் உள்ளே புகும் ஒளியைத் திருத்துவதொன்றே, கண்ணைத் திருத்துவதன்று. வளர்ந்த மனிதரின் கண்விழி முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 24 மில்லிமீற்றர் நீளமுடையது. குறும்பார்வை உடையோரிற் பெரும்பாலாருக்கு அவ்விழி அளவுக்கு மேல் நீண்டுவிடுகிறது. ஒரேயொரு மில்லிமீற்றர் நீண்டாலும் கண்ணாடியின் பலம் இரண்டரை முதல் மூன்று வரை ஏறிவிடும். அவ்வாறு நீண்ட விழியின் பின்சுவர் இழுபட்டு மெலிகிறது. கண்ணாடி அணிந்தாலும் அணியாவிட்டாலும் அந்த இழுவிசை இருந்துகொண்டேதான் இருக்கும்.

இதனை நாம் புத்தகத்திற் படித்து அறிந்தோமில்லை. எமது தமக்கையின் மகள் வாயிலாகவே அறிய நேர்ந்தது. அவள் சட்டம் பயிலும் மாணவி, வயது இருபத்திரண்டு, பத்து வயதிலிருந்தே கண்ணாடி அணிபவள், இரு கண்களுக்கும் மைனஸ் ஆறு. இறுதிப் பரீட்சைக்கு ஆறு வாரமே இருந்த வேளையில் ஒருநாள் அவள் ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு வாசிப்பதைத் தாயார் கண்டுவிட்டார். காரணம் கேட்டபோது பிள்ளை மழுப்பினாள். நாம் அருகிற் சென்று மெல்ல வினவிய பின்னரே உண்மை வெளிவந்தது. "மாமா, வாசிக்கேக்க ஒரு கறுப்பு நூல் வரிக்கு வரி கூடவே ஓடுது; கண்ணைத் துடைச்சாலும் போகுதில்லை" என்றாள். மூன்று நாளாக அவள் அதனை எவர்க்கும் சொல்லவில்லை. சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்பது அவளுடைய அச்சம்.

அன்று மாலையே ஒரு வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். அவர் கைக்கருவியால் கண்ணுக்குள் நோக்கினார். சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், பார்வை நரம்பு கண்ணுக்குட் புகும் இடத்தில் இரத்தம் தெரிகிறது, நரம்பின் விளிம்பும் தெளிவாக இல்லை, மூளையைச் சூழ்ந்த அழுத்தம் கூடினாலும் இவ்வாறு தோன்றக்கூடும், ஆதலால் தாமதியாது கண் வைத்திய நிபுணரைக் காணுங்கள், தலையை ஸ்கேன் செய்யவும் நேரலாம் என்றார். அவர் சொன்னது முறையான சொல்லே. ஆயின் 'இரத்தம்', 'நரம்பு', 'மூளை' என்ற மூன்று சொற்களும் ஒன்றன்பின் ஒன்றாய்ச் செவியிற் புகுந்தால் ஒரு தாயின் நெஞ்சு என்ன பாடுபடும் என்பதைச் சொல்ல வேண்டுமோ?

அன்றிரவு அவ்வீட்டில் எவரும் உறங்கவில்லை. அம்மம்மா கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசருக்கும் நேர்ந்தார். அவ்வளவில் நில்லாது அந்தோனியாருக்கும் நேர்ந்தார். தமக்கையாருக்கோ அதற்கு மேலும் ஒரு கவலை இருந்தது. பிள்ளைக்கு வெள்ளவத்தையில் ஒரு சம்பந்தம் பேசி, அடுத்த மாதம் அவர்கள் வருவதாக இருந்தது. "கண்ணுக்குள்ள இரத்தம் எண்டு வெளியில ஒருத்தருக்கும் மூச்சு விடக் கூடாது" என்று வீட்டார் அனைவருக்கும் கட்டளை பிறந்தது. பிள்ளை பரீட்சைக்காக மறைத்தாள். தாய் பிள்ளையின் வாழ்வுக்காக மறைக்க விழைந்தார். இரண்டு மறைப்புக்கும் வேர் ஒன்றே: அச்சம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பழமொழி. இருண்டது கண்ணே ஆகிவிட்டால் பேய்க்குக் குறைவேது?

மறுநாள் கண்டது ஒரு கண் வைத்திய நிபுணரை. அவர் கருவியைக் கையிலெடுக்கு முன் கேள்விகளை எடுத்தார். தலைவலி உண்டா, அது விடியற்காலையில் மிகுகிறதா? வாந்தி உண்டா? குனிந்து நிமிரும்போது பார்வை சில கணம் மங்கி மீள்கிறதா? விழியை உருட்டினால் நோகிறதா? நிறங்கள் வெளிறித் தெரிகின்றனவா? அண்மையிற் காய்ச்சல் வந்ததா? உட்கொள்ளும் மருந்துகள் எவை? அனைத்துக்கும் அவள் 'இல்லை' என்றே விடையிறுத்தாள். பின்னர் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை இட்டு, அரைமணி நேரம் அமரச் செய்து, இரு கண்களின் பின்புறத்தையும் ஆறுதலாக நோக்கினார். நிறங்காணும் சோதனை, பார்வைப் புலச் சோதனை, ஒளியால் விழித்திரையை அடுக்கடுக்காகப் படம்பிடிக்கும் ஓ.சி.ரி. சோதனை ஆகியவற்றையும் செய்வித்தார். டெங்குக் காய்ச்சல் ஓயாத நகரமன்றோ கொழும்பு! டெங்குவினாலும் கண்ணுள் இரத்தம் கசிவதுண்டு என்று சொல்லி, குருதிச் சிறுதட்டுகளை எண்ணும் இரத்தப் பரிசோதனையையும் விட்டுவைக்கவில்லை.

அனைத்தும் முடிந்தபின் அவர் ஒரு தாளை எடுத்து வட்டமொன்று வரைந்து, அம்மம்மாவுக்கும் விளங்கும் தமிழிலே பேசினார். வைத்தியக் கல்வியைத் தமிழிலே புகட்டலாம் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் இருந்து செய்து காட்டினார் டாக்டர் சாமுவேல் கிறீன். அந்த வழிவந்த ஒருவர் முன் அமர்ந்திருப்பதாகவே எமக்குத் தோன்றியது. அவர் விளக்கியதையும், பின்னர் நாம் தேடிப் படித்ததையும் இங்கே தொகுத்துச் சொல்கிறோம்.

கண் கண்டதை மூளைக்குக் கொண்டுசெல்வது பார்வை நரம்பு. ஏறக்குறைய பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட நுண்ணிய நார்கள் விழித்திரையின் எல்லாப் புறத்திலிருந்தும் ஓடிவந்து, ஒன்றரை மில்லிமீற்றர் அளவேயான ஒரு வட்ட வாயிலின் வழியே வெளியேறுகின்றன. அவ்வாயிலையே நரம்பின் தலை என்கிறோம். கண்ணின் பின்புறத்தை நோக்கும் வைத்தியருக்கு அது இளஞ்சிவப்பு வட்டமாகத் தெரியும். சிறுகச் சிறுக நீண்ட குறும்பார்வைக் கண்ணிலோ நரம்பு நேரே வெளியேறாது சாய்ந்து வெளியேறுகிறது. ஊன்றிய குடை ஒருபுறம் சாய்ந்தால் துணி மறுபுறம் திரள்வது போல, நரம்பு நார்கள் மூக்குப் பக்கத்திலும் மேற்புறத்திலும் நெருக்குண்டு மேடாகின்றன. வீக்கமே இல்லாத கண்ணிலும் வீக்கம்போற் காட்டுவது இந்த மேடுதான்.

இனி, கண்ணின் உட்குழியை நிறைத்திருப்பது பளிங்குபோல் தெளிந்த ஒரு கூழ். இளமையில் அது கெட்டியாயிருந்து, நரம்புத் தலையின் விளிம்பைச் சுற்றி உறுதியாக ஒட்டிக்கொண்டிருக்கும். விழி அசையுந்தோறும் கூழும் அசையும். அசையுந்தோறும் ஒட்டிய இடத்தை இழுக்கும். சாய்ந்து மேடிட்ட விளிம்பில் இழுவை மிகும்போது அங்குள்ள மயிரிழையன்ன குழாயொன்று கசிகிறது என்பதே வைத்தியர் பலரது கருத்து. கசிந்த இரத்தம் நரம்புத் தலையின் மீதும், அதனை அடுத்து விழித்திரையின் அடியிலும் படிகிறது. சில வேளை கூழுக்குள்ளும் சிறிது கலக்கிறது. எமது மருமகள் கண்ட கறுப்பு நூல் வேறொன்றுமன்று. கூழில் மிதந்த இரத்தத்தின் நிழலையே அவள் கண்டாள்.

அமெரிக்க வைத்தியர்களான காட்ஸ், ஹொய்ட் என்னும் இருவர் 1995ஆம் ஆண்டில் இளவயதினரிடத்துக் கண்ட இத்தகைய கசிவுகளை ஒன்றுசேர்த்து எழுதி, கூழின் இழுவையே காரணம் என எடுத்துக்காட்டினர். பின்னர் யப்பான், கொரியா முதலிய நாடுகளிலிருந்தும் இதே வகையான செய்திகள் வந்தன. அவற்றின் பொதுச் சாரம் இது: பெரும்பாலும் இளையோர், பெரும்பாலும் குறும்பார்வை உடையோர், பெரும்பாலும் ஒரு கண்ணில் மாத்திரம். மருந்தில்லை, ஊசியில்லை, சத்திரசிகிச்சையில்லை. சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் இரத்தம் தானே கரைந்து மறைகிறது. பார்வையும் பெரும்பாலார்க்கு முன்போலவே நிற்கிறது. மீண்டும் வருவது அரிது.

இதைக் கேட்டதும் தமக்கையார் கைகூப்பினார். ஆயின் வைத்தியர் அத்துடன் நிறுத்தவில்லை. இந்தக் கட்டுரையை நாம் எழுதத் துணிந்ததே அவர் அதன்பின் சொன்னதற்காகத்தான். "இது தீங்கற்றது என்று நான் சொல்வது இரத்தத்தைப் பார்த்தல்ல, இரத்தத்தைச் சுற்றி வேறு எதுவும் இல்லை என்பதைப் பார்த்து" என்றார் அவர்.

எத்துணை ஆழமான சொல்! நரம்புத் தலையருகே இரத்தம் தோன்றுவதற்குக் காரணங்கள் பல. மூளையைச் சூழ்ந்த நீரின் அழுத்தம் கூடினால் பெரும்பாலும் இரு கண்களிலும் நரம்புத் தலை வீங்கும். தலைவலியும் வாந்தியும் கூட வரும். நரம்பே அழற்சியுற்றால் விழியை உருட்டுகையில் நோகும், நிறம் வெளிறும். உயர்ந்த குறும்பார்வையில் விழித்திரையின் அடியிலே தீய புதுக்குழாய்கள் முளைத்துக் கசிவதும் உண்டு. அதற்கு உடன் சிகிச்சை வேண்டும்; தவறினால் நடுப்பார்வை கெடும். குளுக்கோமா என்னும் கண்ணழுத்த நோயில் நரம்பின் விளிம்பில் தீச்சுடர் வடிவில் சிறு இரத்தக் கீற்றுத் தோன்றும். அந்நோயும் குறும்பார்வை உடையோரைச் சற்று அதிகமாகவே நாடுகிறது. நீரிழிவு, உயர்ந்த இரத்த அழுத்தம், இரத்த நோய்கள் என்பனவும் வரிசையில் நிற்கின்றன. இத்தனை பேரையும் வாசலில் நிறுத்தி விசாரித்து அனுப்பிய பின்னரே, 'இவன் தீங்கற்றவன்' என்று ஒருவனை உள்ளே விடலாம். புதுக்கடை நீதிமன்றங்களில் ஒருவரை நிரபராதி என்று விடுவிப்பதற்கும் விசாரணை வேண்டுமன்றோ?

அங்ஙனம் விசாரிக்கும் ஆற்றல் மனித குலத்துக்கு வாய்த்து இன்னும் இரண்டு நூற்றாண்டு ஆகவில்லை என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளல் நன்று. உயிருள்ள கண்ணின் உட்புறம் வைத்தியர்க்கு வெறும் இருளாகவே இருந்தது. 1851ஆம் ஆண்டில் எர்மன் எல்ம்ஹோல்ற்சு என்னும் ஜெர்மானியப் பேரறிஞர், கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தி, அது திரும்பும் வழியிலேயே நோக்கும் கருவியை உலகுக்கு அறிவித்தார். அப்போது அவருக்கு வயது முப்பதே. 1961இல் நொவொற்னி, அல்விஸ் என்னும் இரு அமெரிக்க மருத்துவ மாணவர்கள், கையிலே சாயமருந்தை ஏற்றிக் கண்ணின் குழாய்களில் அது ஓடுவதைப் படம்பிடிக்கும் முறையை வெளியிட்டனர். ஓ.சி.ரி. முறை வெளிவந்தது 1991இல். கொழும்பில் 1906ஆம் ஆண்டு லிப்டன் சுற்றுவட்டத்தருகே விக்ரோரியா ஞாபகார்த்தக் கண் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அந்த வரலாற்றின் தொடர்ச்சியாக இன்று தேசிய கண் வைத்தியசாலை, நாட்டின் எத்திசையிலிருந்து வருவோர்க்கும் பணமின்றிச் சிகிச்சை அளித்து வருகிறது. இத்தனை பேர் இத்தனை காலம் உழைத்துத் திறந்த கதவின் முன் நின்றுகொண்டு, 'போகட்டும், நாளைக்குப் பார்ப்போம்' என்று நாம் சொல்லலாமா?

எமது மருமகளுக்கு ஸ்கேன் அப்போது தேவைப்படவில்லை. எனினும் எவ்வெக் குறிகள் கண்டால் அக்கணமே வரவேண்டும் என்பதை வைத்தியர் எழுதிக் கொடுத்தார். வாசிக்கலாம், பரீட்சை எழுதலாம், பாரந்தூக்கி மூச்சை அடக்குவதை மாத்திரம் சில காலம் தவிர்க்கலாம் என்றார். இரண்டு வாரத்திலும் ஆறு வாரத்திலும் மூன்று மாதத்திலும் மீண்டும் வரச் சொன்னார். முதல் மாதத்தில் நூல் புகையாயிற்று. பின்னர் புகையும் மெலிந்தது. மூன்றாம் மாதத்தில் எடுத்த படத்தில் நரம்பின் ஓரத்தில் மங்கிய ஒரு நிறக்கறை தவிர வேறெதுவும் இல்லை. இடையில் அவள் பரீட்சையும் எழுதினாள்.

சம்பந்தம் பேசும் கதை என்னாயிற்று என்று வாசக அன்னையர் கேட்பது எமக்குக் கேட்கிறது. வெள்ளவத்தையிலிருந்து அவர்கள் வந்த நாளில், எவரும் எதிர்பாராதபடி தமக்கையார் தாமே வாய் திறந்தார். நடந்தது அனைத்தையும் ஒன்றுவிடாது கூறினார். மூன்று இரவுகள் உறங்காதிருந்த ஒருத்திக்கு, நாலாவதாக ஒரு பொய்யையும் காவல் காத்துக்கொண்டிருக்கத் தெம்பில்லை என்று பின்னர் எம்மிடம் சொன்னார். வந்திருந்த பெரியவர் சற்று நேரம் யோசித்து, தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எங்கட தம்பியும் மைனஸ் ஐந்துதான். அவனையும் ஒருக்கா அந்த டொக்டரிட்டைக் காட்டத்தான் வேணும், விலாசத்தைத் தாருங்கோ" என்றார். கூடத்தில் எழுந்த சிரிப்பில் ஒரு மாதத்துப் பாரமும் இறங்கிற்று.

இவ்விடத்துப் பெற்றோர்க்குச் சில சொற்கள். குறும்பார்வை ஒரு குற்றமன்று. மறைக்க வேண்டியதும் அன்று. பெண்பிள்ளை கண்ணாடி அணிந்தால் அழகு குன்றும் என்று கண்ணாடியைக் கழற்றிவைத்துப் படம்பிடிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. கழற்றிவைத்த கண்ணாடி மேசையிற் கிடக்கும். குறையோ கண்ணிலேயே இருக்கும். பலங்கூடிய கண்ணாடி அணியும் பிள்ளைகளை ஆண்டுக்கொருமுறை, கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையை வாசிக்கச் செய்வதோடு நில்லாமல், கண்மணியை விரித்துப் பின்புறத்தையும் நோக்கும் வைத்தியரிடம் காட்டுங்கள். கண்ணுக்குள் மூலிகைச் சாறு பிழிவதும் முலைப்பால் இடுவதும் நரம்பருகே உள்ள இரத்தத்தைச் சென்று தொடமாட்டா. கிருமிக்கு வழிதிறப்பதே கண்ட பலன். வேறு நோய்க்காக உட்கொள்ளும் மருந்தைத் தாமாகவே நிறுத்துவதும் கூடாது. வைத்தியரைக் கேட்டே செய்க.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டார்க்கு இன்னுமொன்று. சீனாவின் குவாங்சோ நகரில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நாள்தோறும் நாற்பது நிமிட வெளிப்புற வகுப்பு ஒன்றை மேலதிகமாகக் கொடுத்து மூன்றாண்டு பார்த்தனர். 2015இல் வெளிவந்த முடிவு என்னவெனில், வழமைபோற் படித்த பிள்ளைகளில் நூற்றுக்கு 39.5 பேருக்குப் புதிதாகக் குறும்பார்வை வந்திருக்க, வெளியிற் சென்றவர்களில் நூற்றுக்கு 30.4 பேருக்கே அது வந்திருந்தது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத இலங்கையில் பிறந்த பிள்ளை, பாடசாலை விட்டதும் டியூட்டரி, டியூட்டரி விட்டதும் கைத்தொலைபேசி என்று கதிரவனைக் காணாமலே வளர்கிறது. காலிமுகத் திடலும் வெள்ளவத்தைக் கடற்கரையும் கட்டணம் கேட்பதில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறோம். கண்ணில் புதிதாக நூலோ புள்ளியோ மிதந்தால், மின்னல் போல் ஒளி வெட்டினால், ஓரத்தில் திரை விழுந்தால், நேர்கோடு நெளிந்து தெரிந்தால், பரீட்சை முடியட்டும் என்று பொறுக்காதீர்கள். அன்றைக்கே வீட்டாரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் அது சிறிய விடயமாகவே முடியக்கூடும். ஆயின் சிறியது என்று தீர்ப்புக் கூறும் உரிமை உங்களுக்கும் இல்லை, எமக்கும் இல்லை. பரீட்சை அடுத்த ஆண்டும் வரும். விழித்திரை கழன்றால் அது நாட்கணக்கையே பார்க்கும்.

வீட்டாரே, பிள்ளை வந்து சொல்லும்போது முதலில் அதட்டாதீர்கள். 'போனைப் பார்த்ததனாலே வந்த வினை' என்று வழக்குத் தொடுக்காதீர்கள். சொன்ன பிள்ளைக்குத் தண்டனை கிடைக்கும் வீட்டில், அடுத்த முறை எந்தப் பிள்ளையும் சொல்லாது. கண்ணுக்குள் விழுந்த அந்த ஒரு துளி இரத்தத்தைக் காலம் கரைத்துவிடுகிறது. அது தீங்கற்றதுதானா என்று காட்டும் ஒளி வைத்தியர் கையில் இருக்கிறது. அந்த ஒளியிடத்துப் பிள்ளையை அழைத்துச் செல்வது மாத்திரமே நம் கையில் இருக்கிறது.